தொட்டி மீனுக்கு எத்தனை கரண்டி? நெல்லை வெயிலுக்கு ஏற்ற இரைக் கணக்கு

நிறநிறமான அலங்காரக் கெண்டையான கோய் மீனுக்கும் தங்கமீனுக்கும் இரைப்பை கிடையாது. கெண்டைக் குடும்பத்து மீன் எல்லாமே அப்படித்தான். தொண்டைக்குள் இருக்கும் பல்லால் இரையை அரைத்து நேரே குடலுக்குத் தள்ளிவிடும். சேர்த்து வைக்கப் பை இல்லாததால் ஒரே மூச்சில் நிறையத் தின்று ஓய்ந்து கிடக்கும் சாதி இல்லை. நாள் முழுக்க மேய்கிற சாதி. காலையில் நன்றாகத் தின்ற மீன்கூட, பத்து மணிக்கு நீங்கள் தார்சாவை விட்டு இறங்கி வந்தால் வாயைத் திறந்துகொண்டு கரைக்கு ஓடிவரும். ஆள் நிழல் விழுந்தால் இரை விழும் என்று அது படித்து வைத்திருக்கிறது. அதைப் பசி என்று நினைத்து இன்னொரு கை அள்ளிப் போடுவதில்தான் பாதித் தொட்டிகள் கெடுகின்றன.

மீனின் வாயைப் பார்த்தால் அளவு தெரியாது. தொட்டியில் மொத்தம் எத்தனை கிலோ மீன் நிற்கிறது, அந்தத் தண்ணீர் எவ்வளவு கழிவைத் தாங்கும், இந்த இரண்டையும் வைத்துத்தான் அளவு போட வேண்டும். தீவனப் பாக்கெட்டின் முதுகில் இருக்கும் அட்டவணையையும் அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்து, 15 வரை கோதுமை முளைத் தீவனம் போடு என்பதெல்லாம் பனி விழுகிற ஊருக்கு எழுதியது. பாளையங்கோட்டையில் ஒரு சிமெண்ட் தொட்டி மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிரில் மீன் சோர்ந்துபோகும் என்ற பயம் நமக்கு இல்லை. நம் தொல்லை வெயில், காற்று, விடியற்கால மூச்சுத்திணறல்.

மீனை நிறுக்காமல் எடை பார்ப்பது

மீனைப் பிடித்துத் தராசில் போட வேண்டியதில்லை. நீளம் தெரிந்தால் போதும். ஓர் அரை அங்குல பிவிசி குழாயில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக, தண்ணீரில் அழியாத மையால் போட்டு, இரண்டு முனையையும் மூடித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இரை போடும் இடத்திலேயே அது கிடக்கட்டும். இரண்டு நாள் மிரளும், மூன்றாம் நாள் அதை ஒட்டியே வந்து தின்னும். அப்போது மேலிருந்து ஒரு செல்போன் படம் எடுத்தால் எந்த மீன் என்ன நீளம் என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கோய்க்கு ஏறத்தாழ இப்படி வரும். மூக்கு முதல் வால் நுனி வரை 10 சென்டிமீட்டர் என்றால் 15 முதல் 18 கிராம். 15 சென்டிமீட்டர் என்றால் 50 முதல் 60. 20 என்றால் 120 முதல் 145. 30 என்றால் 400 முதல் 480. 40 சென்டிமீட்டர் மீன் ஒரு கிலோவைத் தொடும். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். "போன வருசமும் பத்து மீன், இந்த வருசமும் பத்து மீன்" என்று எண்ணிக்கையை வைத்து இரை போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒராண்டா, ரஞ்சு மாதிரி உருண்டைத் தங்கமீனுக்கு வாலை விட்டுவிட்டு உடம்பை மட்டும் அளந்து கணக்கில் எடுங்கள். வால் அழகுக்கு நீளுமே தவிர எடை இல்லை.

இனி விகிதம். தண்ணீர் 26 முதல் 31 டிகிரிக்குள் இருக்கும் நாட்களில், 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு உடல் எடையில் 5 சதவீதம், நான்கு வேளையாகப் பிரித்து. 6 முதல் 12 சென்டிமீட்டர் வரை 3 சதவீதம், மூன்று வேளை. 12 முதல் 25 வரை 2 சதவீதம், இரண்டு வேளை. நல்ல பில்டர் இருந்தால் மூன்றாகவும் பிரிக்கலாம். அதற்கு மேல் வளர்ந்த மீனுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை சதவீதம். இது ஒரு நாள் முழுவதற்குமான அளவு. வேளைக்கு வேளை இவ்வளவு என்று படித்துவிடாதீர்கள்.

ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள் அளவு 8 அடி நீளம், 5 அடி அகலம், தண்ணீர் 3 அடி. 120 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வைத்தால் சுமார் 3,400 லிட்டர். உள்ளே 20 சென்டிமீட்டர் கோய் எட்டு, 15 சென்டிமீட்டர் கோய் ஆறு. எட்டுக்கு 1,040 கிராம், ஆறுக்கு 330 கிராம், மொத்தம் 1,370. இரண்டு சதவீதம் என்றால் நாளைக்கு 27 கிராம். அவ்வளவுதான். உள்ளங்கையில் அள்ளினால் ஒன்றரைக் கை வருமோ என்னவோ. புதிதாகப் பார்க்கிறவர்கள் "இத வச்சு எப்படிண்ணாச்சி பதினாலு மீன் பிழைக்கும்?" என்று கேட்பார்கள். மீன் வெதுவெதுப்பான ரத்தம் உள்ள பிராணி இல்லை. உடம்புச் சூட்டுக்கென்று அது எதையும் எரிப்பதில்லை. ஆடு மாட்டுக்கு வைக்கிற கண்ணால் மீனைப் பார்க்கக் கூடாது.

27 கிராமை எப்படி அளப்பது? வீட்டில் சின்னத் தராசு இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. 100 கிராம் பாக்கெட் ஒன்றை உடைத்து, தினமும் பயன்படுத்தப் போகும் அதே தேக்கரண்டியால் தலைதட்டி அளந்து ஒரு டப்பாவுக்கு மாற்றுங்கள். 48 கரண்டி வந்தால் ஒரு கரண்டி இரண்டு கிராம் சொச்சம். 13 கரண்டி போட்டால் 27 கிராம். அந்தக் கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள், வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. பிராண்டை மாற்றினாலோ, குருணையின் பருமனை மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும். மிதக்கும் தீவனம் பொரி மாதிரி உப்பியது, மூழ்கும் தீவனம் கனமானது. ஒரே கரண்டிக்கு எடை வெவ்வேறு.

மாதத்துக்கு ஒரு முறை மீனின் நீளம் பார்த்து கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

எந்த நேரத்தில்

பாசி பிடித்துப் பச்சையாக நிற்கும் தொட்டியில் காற்று, அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், மிகக் குறைந்திருப்பது விடிகிற நேரத்தில்தான். பகலில் ஆக்சிஜனைத் தருகிற அதே பாசி இரவெல்லாம் அதை இழுத்துக்கொள்கிறது. மீனும் கழிவைத் தின்னும் கிருமிகளும் சேர்ந்து இழுக்கின்றன. இரை தின்ற மீனுக்குச் செரிமானத்துக்காகப் பல மணி நேரம் கூடுதல் மூச்சு வேண்டும். ஆறு மணிக்குப் பல் தேய்த்தபடியே இரை போடுவது வசதிதான், ஆனால் மீனுக்கு அது கெட்ட நேரம். வெயில் ஏறி இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். எட்டரை முதல் ஒன்பதரை நல்ல நேரம். அருவியோ ஏர் பம்போ இரவும் ஓடுகிற தொட்டி என்றால் ஏழரைக்கே போடலாம்.

மாலை வேளை நாலரை முதல் ஐந்தரைக்குள். விளக்கு வைத்த பிறகு வேண்டாம். இரவில் காற்று இறங்கும்போது குடல் நிறைந்த மீன் திணறும். பாக்கியாகக் கிடக்கும் தீவனமும் அழுகி இன்னும் காற்றைக் குடிக்கும். அதனால்தான் 13 கரண்டியை ஏழும் ஆறுமாகப் பிரிக்கும்போது பெரிய பங்கைக் காலைக்கு வைக்க வேண்டும்.

மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போட்டு, தீரவிட்டு, அடுத்ததைப் போடுங்கள். மூன்று நிமிடத்தில் எல்லாம் காலியாக வேண்டும். ஐந்தாவது நிமிடத்திலும் மிதந்தால் கொசுவலைத் துணி கட்டிய கரண்டியால் அள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தின்னும்போது தண்ணீர் கொதிப்பது போல முட்டி மோதிக்கொண்டு வருவது நல்ல பசி. வந்து, வாயில் எடுத்து, துப்பி, மறுபடி எடுத்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். மிச்சத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மீனும் சின்ன மீனும் கலந்திருந்தால் இரண்டு மூலையில் பிரித்துப் போட வேண்டும். முதலில் ஒரு மூலையில் பெரிய குருணை, பெரியவை அங்கே போனதும் எதிர் மூலையில் சின்னக் குருணை. இல்லாவிட்டால் நாலு தடியன்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சின்னவை தலை பெருத்து உடம்பு ஒடுங்கி நிற்கும்.

தண்ணீர் தாங்குமா

தின்ற புரதத்தில் உடம்பில் சேராதது அம்மோனியாவாகிறது. பெரும்பகுதி மலத்தோடு போகாமல் செவுள் வழியாக நேரே தண்ணீரில் கலக்கிறது. 35 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டால் சுமார் 3.2 கிராம் அம்மோனியா நைட்ரஜன் சேரும். நம் தொட்டியின் 27 கிராமுக்கு 0.87 கிராம். 3,400 லிட்டருக்கு அதை வகுத்தால் லிட்டருக்கு கால் மில்லிகிராம், ஒரே நாளில். பில்டர் இல்லாவிட்டால் நாலே நாளில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்.

அதே அளவு அம்மோனியா ஒரு வீட்டில் சும்மா இருக்கும், அடுத்த வீட்டில் கொல்லும். காரணம் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். தண்ணீர் 30 டிகிரியில் பி.எச். 7.5 இருந்தால் மொத்த அம்மோனியாவில் விஷமாக நிற்பது இரண்டரை சதவீதம்தான். 8.5 ஆனால் அது 20 சதவீதம். 9 என்றால் கிட்டத்தட்டப் பாதி. பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் வெயில் உச்சியில் பி.எச். 9-ஐத் தாண்டுவது சாதாரணம். உவர்ப்பான போர் தண்ணீர் நிரப்புகிற ஊர்களில் தொடக்கமே உயரமாக இருக்கலாம். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் காலையில் இறங்கி, மாலையில் ஏறி, ஊஞ்சலாடும். அலங்கார மீன் கடையில் அம்மோனியாவுக்கும் பி.எச்.சுக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி கிடைக்கும். இரண்டையும் வாங்குங்கள், ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பி.எச். பார்ப்பது மாலை மூன்று மணிக்கு, அப்போதுதான் உச்சம் தெரியும்.

கைக்கணக்கு இது: அம்மோனியா நிறம் காட்டத் தொடங்கினாலே இரையைப் பாதியாக்குங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் தொட்டால் நிறுத்திவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த டிரம்மில் நிறுத்தியோ, குளோரின் நீக்கி சேர்த்தோ விட வேண்டும். போர் தண்ணீரில் காற்று குறைவு. ஷவர் மாதிரி உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள்.

புதுத் தொட்டிக்குத் தனிச் சட்டம். பில்டருக்குள் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை கணக்கில் வருகிற அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போடுங்கள். 27 கிராம் வந்தால் 9. பால் காய்ச்சின வீட்டில் கையோடு தொட்டியும் கட்டி, விருந்தாளி வருகிற அன்றைக்கே பெரிய மீனாக வாங்கி விட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் இரை போட்டால் இரண்டாவது வாரம் ஒவ்வொன்றாக மிதக்கும். மீன் விற்றவரைத் திட்டிப் பயனில்லை. வாங்கி வந்த மீனுக்கு முதல் 24 மணி நேரம் எதுவும் போடவும் வேண்டாம்.

பில்டரின் பஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினால் மறுபடி முதல் வாரம்தான். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

மாதத்துக்கு மாதம்

மார்கழி தொடங்கி மாசி முடிகிற வரை பெரிய சிக்கல் இல்லை. மேலே சொன்ன கணக்கே போதும். மார்கழி, தை விடியல்களில் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே நின்றால் காலை வேளையைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள்.

பங்குனியில் இருந்து வைகாசி வரை கவனம் வேண்டும். 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடித்துக்கொள்ளும், 34 டிகிரியில் ஏழு. மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிற காலம். இரண்டடி ஆழத் தொட்டி அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் 34, 35-ஐத் தொடும். அப்போது விகிதத்தை ஒரு சதவீதமாக இறக்கி, காலை ஒரு வேளை, வெயில் தாழ்ந்தபின் ஒரு சின்ன வேளை. தொட்டியின் பாதிக்கு மேலாவது பச்சை நிழல்வலை கட்டுங்கள். இரையைக் கூட்ட வேண்டும் என்று ஆசையிருந்தால் முதலில் ஏர் பம்பைக் கூட்டுங்கள்.

செய்தித்தாளில் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெரு அதில் இருந்தால் அன்று காலை இரை இல்லை. மோட்டார் ஓடாத தொட்டியில் நிறைந்த குடலோடு மீன் நிற்கக் கூடாது. மின்சாரம் வந்து ஒரு மணி நேரம் கழித்து, மாலைப் பங்கை மட்டும் போடுங்கள்.

ஆனியில் காற்று பிடித்துவிடும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவிடுகிற காற்று உங்கள் தொட்டியையும் விடாது. மிதக்கும் குருணை மொத்தத்தையும் ஒரு மூலைக்கு ஒதுக்கி, சுவரில் ஒட்டவைத்துவிடும். இதற்கு ஒரு மிதவைச் சட்டம் செய்துகொள்ளுங்கள்: அரை அங்குல பிவிசி குழாய் 45 சென்டிமீட்டரில் நாலு துண்டு, நாலு எல்போ, பிவிசி ஒட்டும் பசை. சதுரமாக ஒட்டி, காற்றுப் போகாமல் காய்ந்தால் தானே மிதக்கும். நைலான் கயிற்றால் கரையில் ஒரு ஆணியில் கட்டி, பில்டர் வாயிலிருந்து எட்டத் தள்ளி நிறுத்துங்கள். சட்டத்துக்குள் போட்ட இரை சட்டத்துக்குள்ளேயே நிற்கும். எவ்வளவு மிஞ்சியது என்பதும் பார்த்தவுடன் தெரியும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலில் தண்ணீர் 26, 28-ல் நிற்பதால் மீன் நன்றாகத் தின்று வளர்கிற காலம் இதுதான். அங்கே மூன்று வேளையாகப் பிரிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் இல்லை, பாசி ஆக்சிஜன் செய்வதில்லை, இரவில் இழுப்பது மட்டும் நிற்பதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து மூடாக்காக இருந்தால் பாதி. மூன்றாம் நாள் நிறுத்தம். பச்சைத் தண்ணீர் ஒரே இரவில் தெளிந்து பழுப்பானால் பாசி கூட்டமாகச் செத்திருக்கிறது: இரை வேண்டாம், தண்ணீர் மாற்றுங்கள், காற்றுக் கொடுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மாதிரி பெருமழையில் தெருத் தண்ணீரே தொட்டிக்குள் வந்துவிட்டால், கலங்கல் தெளிந்து, உள்ளே ஊர்த் தண்ணீரும் சாக்கடையும் கலந்ததை மாற்றி முடிக்கும்வரை மீன் பட்டினி கிடக்கட்டும். அது தாங்கும்.

முதல் மழை முடிந்த அந்தியில் ஈசல் கிளம்பும். தொட்டிமேல் விளக்கு எரிந்தால் நூற்றுக்கணக்கில் தண்ணீரில் விழும். மீன் வெறிகொண்டு தின்னும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது கொழுப்பான இரை, கணக்கில் சேராத இரை. விளக்கை அணைத்துவிடுங்கள். தின்றுவிட்டது என்றால் மறுநாள் முழுக்க ஒன்றும் போட வேண்டாம். காலையில் மிதக்கிற இறகுகளை மட்டும் வலையால் எடுங்கள்.

எதைப் போடுவது, எதை விடுவது

குருணையின் பருமன் மீனின் வாய்த் துவாரத்தில் பாதி. 5 சென்டிமீட்டர் மீனுக்கு 1 மில்லிமீட்டர், 12 வரை 2, 25 வரை 3 முதல் 4. புரதம் வளரும் மீனுக்குச் சுமார் 35 சதவீதமும், வளர்ந்ததற்கு 30-ம் போதும். நாற்பது, நாற்பத்தைந்து என்று போட்டி போட்டு வாங்குவது குஞ்சுக்குத் தவிர வீண்; கூடுதல் புரதம் கூடுதல் அம்மோனியா, வேறொன்றும் இல்லை. உருண்டைத் தங்கமீனுக்கு மூழ்கும் தீவனம், அதையும் ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து. மேலே வந்து விழுங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்கி, பிறகு வயிற்றை மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாக மிதக்கும் வகை இது.

பெரிய தொட்டிக்கும் கிணற்றுக்கும் வீட்டிலேயே தீவனம் செய்யலாம். ஒரு கிலோவுக்கு:

கடலைப் பிண்ணாக்குத் தூள் 300 கிராம்
எண்ணெய் எடுத்த சோயா மாவு 200 கிராம்
உப்புப் போடாத மீன்தூள் 150 கிராம்
புதுத் தவிடு 250 கிராம்
மரவள்ளிக் கிழங்கு மாவு 90 கிராம்
தாது, வைட்டமின் கலவை 10 கிராம்

முதல் ஐந்தையும் சூடான தண்ணீர் விட்டுப் புட்டு மாவுக்கும் இடியாப்ப மாவுக்கும் நடுவான பதத்தில் பிசைந்து, இட்லிக் கொப்பரையில் 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். வேகாத சோயா செரிக்காது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் வைட்டமின் கலவை; சூட்டில் போட்டால் அதில் பாதி வீணாகும். முறுக்கு உரலில் பிழிந்து, நிழலில் ஒரு நாள், இளவெயிலில் ஒரு நாள் காயவைத்து, உடைத்து டப்பாவில் அடையுங்கள். புரதம் 33 சதவீதம் அளவில் வரும். மூன்று நாலு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இது மூழ்கும், ஆகவே நாலு பக்கமும் கயிறு கட்டிய ஒரு பழைய தாம்பாளத்தில் வைத்து ஓர் அடி ஆழத்துக்கு இறக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் நாளைக்குக் குறைவு.

பிண்ணாக்கில்தான் ஏமாற்றம் அதிகம். ஐப்பசி ஈரத்தில் மூட்டையின் அடிப்பக்கம் பச்சை, கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் விஷம் மீனின் ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. உடைத்துப் பார்த்து, மக்கல் வாடை வந்தால் எருக்குழிக்குப் போடுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் பத்துப் பதினைந்து நாளில் சிக்கு வாடை வரும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆலைக்கு அருகில் இருப்பவர்கள் சின்னச் சின்னதாகப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அசோலா என்கிற நீர்ப் பெரணி நல்ல கொறிப்பு. உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆனால் பச்சையாக அள்ளினால் 100 கிராமில் 93, 94 கிராம் தண்ணீர். ஒரு சட்டி அசோலா போட்டுவிட்டுத் தீவனத்தை நிறுத்திவிட்டேன் என்றால் மீன் மெலியும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கைப்பிடி, தீவனத்தோடு கூடுதலாக. தோலுரித்து வேகவைத்த பட்டாணியும் அப்படியே.

பொரி, சோறு, ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். பாபநாசம் படித்துறையில் பொரி போட்டால் மீன் கூட்டமாக வருகிறதே என்பார்கள். அங்கே மிச்சத்தை ஆறு கொண்டுபோகிறது. உங்கள் தொட்டிக்கு அணையும் இல்லை, மதகும் இல்லை. பிள்ளைகள் போட்டே தீருவோம் என்றால் ஆளுக்குப் பத்துப் பொரி எண்ணிக் கொடுங்கள். கருவாட்டுத் தூளில் உப்பு. கோழித் தீவனம் கோழிக்குச் செய்தது. மிக்சர் காரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கொசுப்புழு தின்னட்டும் என்று மீன் விட்டிருந்தால் மூக்குமுட்டப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழுப் பட்டினி, எல்லாத் தொட்டிக்கும் நல்லது. அன்று சுவர்ப் பாசியையும் புழுவையும் மேயும்.

தப்பு எங்கே என்று பார்ப்பது

விடியலில் எல்லா மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால் காற்றுப் பஞ்சம். அதைப் பசி என்று நினைத்து இரை போட்டால் அன்றைக்கே சாகும். முதலில் தொட்டித் தண்ணீரையே அள்ளி உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றுங்கள், மோட்டாரை ஓடவிடுங்கள், அன்று முழுக்க இரை இல்லை.

தண்ணீரின் மேல் உடையாத நுரை நின்றால் கரைந்த புரதம் மிஞ்சிவிட்டது: ஒரு வாரம் பாதி இரை. மலம் வெள்ளை நூலாக வாலில் தொங்கினால் குடல் வெறுமையாகவோ புண்ணாகவோ இருக்கலாம். இரண்டு நாள் நிறுத்தி, பிறகு பட்டாணியில் தொடங்குங்கள், தீரவில்லை என்றால் புழுத் தொல்லையா என்று பார்க்க வேண்டும். தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கினால் இரை போதவில்லை. வயிறு மட்டும் ஒரு பக்கமாகப் பருத்த பெண் மீனைப் பார்த்துப் பட்டினி போட வேண்டாம், சினையாக இருக்கும். செதில் சிலிர்த்துப் பைன் காய் போல நின்றால் அது நோய், இரைக் கணக்கில் தீராது.

திடீரென்று எல்லாம் தின்ன மறுத்தால் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீர் சரியாக இருந்தால் கரையைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாக எச்சமோ, ஈர மண்ணில் நீண்ட விரல்களின் தடமோ இருந்தால் கொக்கோ, வக்கா என்கிற இராக்கொக்கோ வந்து போயிருக்கிறது. கூந்தன்குளம், நாங்குநேரி வட்டாரத்தில் வலசைக் காலத்தில் இது அடிக்கடி. பயந்த மீன் மூன்று நாலு நாள் மேலே வராது. மிதக்கும் இரை போட்டு அழுகவிடாமல், மேலே வலை கட்டிவிட்டு மூழ்கும் இரை நாலைந்து குருணை மட்டும் போட்டுப் பாருங்கள்.

டப்பாவும் பொட்டலமும்

பிரித்த தீவனத்தை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். வைட்டமின் சி முதலில் போகும். மீனின் முதுகு வளைவதற்கு அதுவும் ஒரு காரணம். பத்துக் கிலோ மூட்டை மலிவு என்று நாலு மீனுக்கு வாங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து, மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி, வெயில் படாத இடத்தில், தரையை விட்டு உயரத்தில் வையுங்கள். தொட்டிச் சுவரில் டப்பாவை வைத்தால் வெயிலிலும் வேகும், எறும்பும் ஏறும்.

வெளியூர் போகிறீர்களா? வளர்ந்த மீன் ஒரு வாரம், பத்து நாள் இரையே இல்லாமல் இருக்கும். கிளம்புகிற அன்று "ஒரு வாரத்துக்கும் சேர்த்து" போட்டுவிட்டுப் போவதைப் போல ஆபத்து வேறில்லை. அதற்கு மேல் நாளாகும் என்றால் அடுத்த வீட்டில் டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம், பாதி அளவில், தாளில் மடித்துத் தேதி எழுதி வையுங்கள். "மதினி, தேதி போட்டது மட்டும் போடுங்க, வாயத் தொறந்துட்டு வந்தாலும் இன்னொண்ணு பிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதல் நாள் கால் பங்கு, மறுநாள் பாதி, நாலாம் நாள் முழு அளவு. மதினியிடம் மிஞ்சிய பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள். தேதி தாண்டாத பொட்டலமும் காலியாக இருந்தால், இரை போடுவதற்கு முன்னால் அம்மோனியாவைப் பார்த்துவிடுங்கள்.